எண்பத்தேழு, இருபத்திரண்டாம் வாரம்

வெளியே ஒட்டியிருப்பதை நம்பாதே.
மூடியைக் கழற்று.
உள்ளே இருக்கும் சுவிட்ச்தான் வயது சொல்லும்.

நீலத் தண்டென்றால் எண்பதுகளின் நடு.
அதே கூட்டில் வெள்ளைத் தண்டு குடியேறியிருந்தால்
எண்பத்தெட்டு, அல்லது அதற்குப் பிறகு.
கறுப்பு நெடுங்காலம் ஓடியது;
அதை மட்டும் வைத்து ஆண்டு சொல்பவன் ஜோசியன்.
ஸ்பிரிங் வளைந்து டணக்கென்று முறிவதுபோல் கேட்டால்
தூக்கிப் பார்: உள்ளே இரும்புத் தகடு, கை வலிக்கும்,
கவிழ்த்தால் பிறந்த தேதியே ஒட்டியிருக்கும்.
எதுவும் கேட்காமல்
குழைந்த சோற்றில் விரல் வைத்ததுபோல் அமுங்கினால்
ரப்பர் குமிழ்.
பாடாங் செராயைச் சுற்றி
கித்தா மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தபோது
உலகத்து விசைப்பலகைகளுக்குள்ளே
ரப்பர் புகுந்துகொண்டிருந்தது.
இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.
ஏன் என்று சொல்லத் தெரியாது.

என் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்,
டயர்க் கடைக்கும் சீன மருந்துக் கடைக்கும் நடுவில்.
கைப்பேசிக்குக் கண்ணாடி மாற்றுவது சோற்றுக்கு.
இது வேறு.

வெள்ளிக்கிழமை, மழை விட்ட கையோடு,
லோரியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான்
பழைய இரும்பு எடுக்கும் நாகரத்தினம்.
கல்லுமலைத் தோட்ட ஆபீஸை இடிக்கிறார்களாம்.
சாக்குக்குள் ஒரு விசைப்பலகை,
பல்லிமுட்டை, கரப்பான் இறக்கை.
முதுகில் ஸ்டிக்கர்:
தோட்டச் சொத்து. புதிது. 1991.
"எவ்ளோ தருவீங்கக்கா?"

ஊதினேன். நடு வரிசையில் ஒரு மூடியைக் கழற்றினேன்.
நீலம்.
சந்தேகத்துக்கு நாலு திருகையும் எடுத்தேன்.
சிப்பின் முதுகில் 8722.
எண்பத்தேழு, இருபத்திரண்டாம் வாரம்.
மே மாதக் கடைசி.

"இது புதுசில்ல. வாங்கும்போதே நாலு வயசு.
யாரோ ஓட்டினதை வாங்கி
புதுசுன்னு ஒட்டியிருக்காங்க."
எனக்கு அது நல்ல செய்தி;
வெள்ளையைவிட நீலத்துக்கு விலை அதிகம்.
அவனிடம் மறைத்திருக்கலாம். வாய் நிற்கவில்லை.

நாகரத்தினம் ஸ்டிக்கரையே பார்த்தான்.
"தொண்ணூத்தி ஒண்ணா?
அந்தத் தீவாளிக்கு போனஸ் இல்லக்கா.
புது கொம்பியூட்டர் வாங்கியாச்சு, காசில்லன்னு
பெரட்டுல நிக்கவெச்சு சொன்னாங்க.
எங்கம்மா பாதிக் கோழி வாங்குச்சு.
பாதிக் கோழிய எவன் விக்கிறான்,
மீதிப் பாதி யாரு வீட்டுக்குப் போச்சுன்னு
இன்னும் யோசிக்கிறேன்."

விளக்கைச் சாய்த்துப் பிடித்தேன்.
எழுத்துகள் எல்லாம் இன்னும் சொரசொரப்பு;
யாரும் இதில் கடிதம் எழுதவில்லை.
வலப்பக்கத்து எண்கள் வழவழப்பு.
பூஜ்யம் பளபளப்பு.
எல்லாவற்றையும்விடத் தேய்ந்திருந்தது கழித்தல்.
குறியே இல்லை; நடுவில் ஒரு குழி,
ஒரே விரல் வருசக்கணக்காய்
உட்கார்ந்து எழுந்த இடம்.

அதை இங்கே வந்தபின் தேய்த்தார்களா
முன்பிருந்த ஊரிலேயே தேய்த்தார்களா
எந்த சுவிட்சும் சொல்லாது.
சொன்னேன். அவன் காதில் விழவில்லை.

அழுத்திப் பார்த்தான். டிக்.
மறுபடி. டிக்.
முப்பது வருசத்துக்கு மேலாகியும் சுத்தமான சத்தம்.
வேலைப்பாடு அப்படி. அதையும் சொல்ல வேண்டும்.

முந்நூறு வெள்ளி வைத்தேன்.
எண்ணாமல் பையில் போட்டான்.
"ஸ்டிக்கர் மட்டும் எனக்கு வேணும்."
ஸ்டிக்கரோடு விற்றால் ஐம்பது கூடக் கிடைக்கும்.
சூடு காட்டி மெல்ல உரித்தேன்;
ஓரம் கொஞ்சம் கிழிந்தது.

லோரியின் முன்கண்ணாடியில்
ரோட் டாக்ஸுக்குப் பக்கத்தில் ஒட்டினான்,
கட்டைவிரலால் நாலு மூலையும் அழுத்தி.
தோட்டச் சொத்து. புதிது. 1991.
மூன்றாவது உதைக்குத்தான்
எஞ்சின் பிடித்தது.